நாலாம் நம்பர் மிஷினில் மங்கல்

எவன் கேட்டான் இந்த அப்டேட்டை? நான் கேட்கவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்தலாம் என்று மிஷின்களை அணைக்கப் போனால், அணைய மாட்டேன் என்று அடம்பிடித்து, தானாக எதையோ இறக்கி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஏதோ நல்லதுக்குத்தான் போல என்று ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து போட்டுப் பார்த்தால் பிரவுசர் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பொத்தானும் இருந்த இடத்தில் இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம். எழுத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ஈரத் தாளில் எழுதிய மாதிரி எழுத்தெல்லாம் ஊறி, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஆறு மிஷின் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். பெயர் இளவரசு. பெயரில்தான் அரசு, கடையில் நான்தான் பெருக்குகிறவன், துடைக்கிறவன், கரண்ட் போனால் வசவு வாங்குகிறவன். 2007 தை மாதம் அது. அண்ணாமலை நகர்ப் பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்க்க, வேலைக்கு மனுப் போட என்று சாரி சாரியாக வருகிற நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த இழவு வந்து சேர்ந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் ராமாமிர்தம் சார். தபால் ஆபீசில் இருந்து ரிடையரானவர். தினமும் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து ஊரில் உள்ள செய்தியெல்லாம் படிப்பார்.

"தம்பி, இனிமே பிரவுசிங்குக்கு வந்தா தலைவலி மாத்திரையும் சேத்துக் குடுத்துடு," என்றார்.

"புது மாடல் சார். பழகிடும்."

"எனக்கு எதுக்குய்யா பழகணும்? நான் என்ன அதுகூட குடித்தனம் நடத்தவா போறேன்?"

அவரையாவது சமாளிக்கலாம். பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. கண் கூசுகிறது, எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகத் தெரிகிறது என்று பாதியில் எழுந்து அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அந்தக் கடைக்காரன் அப்டேட்டே போடாத சோம்பேறி. அவனுக்கு வந்த வாழ்வைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் என்னைப் படுத்தி எடுத்தது அவர்கள் யாரும் இல்லை. என் அக்கா புருஷன், சிங்காரம் மாமா.

மாமா கடலூர் - சிதம்பரம் பிரைவேட் பஸ்ஸில் டிரைவர். முப்பது வருஷமாக அதே ரோடு. வெள்ளாற்றுப் பாலத்தில் எந்த இடத்தில் குண்டு குழி, புதுச்சத்திரத்தில் எந்த வளைவில் ஆடு குறுக்கே வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மத்தியானம் வண்டி சிதம்பரத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும். சாப்பாட்டை முடித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து நாலாம் நம்பரில் உட்காருவார். மகள் அனுப்பிரியா மஸ்கட்டில் நர்ஸ். அவள் போடுகிற மெயிலைத் தானே எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் எட்டிப் பார்த்தால் கையால் திரையை மறைப்பார்.

"எம்பொண்ணு எனக்கு எழுதனது. நீ எதுக்குடா மோப்பம் புடிக்கிற?" என்பார்.

அப்படிப்பட்டவர், அப்டேட் ஆன மறுநாள் வந்து உட்கார்ந்து, திரையை முறைத்துக்கொண்டே இருந்தார். கிட்டத்தில் போனார், எட்ட வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினார். பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் வயசைக் கேட்டு எடுத்துக் கொடுப்பார்களே, அந்தக் கண்ணாடி. ஐம்பது வயசுக் கண்ணாடி போதவில்லை என்று அதற்கு முந்தின வாரம்தான் ஐம்பத்தைந்து வயசுக் கண்ணாடியாக மாற்றியிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

"மச்சான், இது என்னா எழுத்து இது? கொழகொழன்னு இருக்குது?"

"எல்லா மிஷினும் அப்படித்தான் இருக்குது மாமா. அப்டேட்டு."

"எல்லாருக்குமா?"

"ஊருக்கே மங்கலாத்தான் தெரியுது."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். பஸ் முதலாளி புதுச் சட்டம் போட்டிருக்கிறாராம். ஐம்பது தாண்டின டிரைவரெல்லாம் மாசி முடிவதற்குள் கண் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இல்லாதவனுக்கு ஸ்டியரிங் இல்லை.

"எனக்கென்னா, போய் காட்டிட்டு வந்துடுவேன். ஆனா மொதல்ல நீ இத சரி பண்ணு. இதுல எம்பொண்ணு லெட்டர ஒரு தடவ நான் கடகடன்னு படிச்சிட்டன்னா, நெஞ்ச நிமித்திக்கினு டாக்டருகிட்ட போவேன்," என்றார்.

"நாளைக்கே சரி பண்றேன் மாமா," என்றேன். என் வாயில் சனி.

நாளைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. கடலூரிலிருந்து மானிட்டர் மெக்கானிக் அந்தோணிசாமியை வரவழைத்தேன். அவன் ஒரு தடவை முன்னால் பார்த்தான், ஒரு தடவை பின்னால் தட்டினான். பிக்சர் டியூப் வயசாகிவிட்டது, ஆறையும் மாற்றிவிடுங்கள் என்றான்.

"ஆறு டியூபுக்கும் ஒரே ராத்திரியில வயசாயிடுச்சாய்யா?" என்று கேட்டேன்.

"வோல்டேஜ் ஜாஸ்தியா வந்திருக்கும்ண்ணே," என்றான், கொஞ்சமும் கூசாமல். காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

நானே உட்கார்ந்தேன். எழுத்தைப் பெரிசு பண்ணினேன், மங்கலும் பெரிசானது. கலரை மாற்றினேன். ஃபாண்ட்டை அழித்துத் திரும்ப ஏற்றினேன். அதில் இரண்டாம் நம்பரில் தமிழே போய், கட்டம் கட்டமாக வந்து நின்றது. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது கெடுகிறது. அந்த அப்டேட்டைச் செய்தவன் மட்டும் எதிரே வந்திருந்தால், அவனை இந்த நாற்காலியில் கட்டிப்போட்டு நாலு பக்கம் படிக்கச் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் மாமா தினமும் வந்தார். "சரியாயிடுச்சா?" என்பார். இல்லை என்றால் ஏமாற்றம் அடையவும் இல்லை. பார்க்கப் போனால் கொஞ்சம் தெம்பாகவே எழுந்து போனார். மகளின் மெயிலை என்னையே படிக்கச் சொல்லவும் ஆரம்பித்தார். அப்பா, சக்கரை மாத்திரை ஒழுங்கா போடறியா, அம்மாகிட்ட கேட்டா மழுப்பறாங்க என்று எழுதியிருந்தாள். படித்தேன். அதற்குள் டீயில் இன்னும் ஒரு ஸ்பூன் சக்கரை போடச் சொல்லி எதிர்க்கடைக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாமே இப்படித்தான்டா போச்சு," என்பார். "எங்க பஸ்ஸுக்குப் புதுசா போர்டு எழுதியிருக்கான் பாரு, பெயிண்டரா அவன்? ஒரு எழுத்து வெளங்கல. பேப்பர்லயும் மை சரியில்ல. இந்த வருஷம் பனியும் ஜாஸ்தி."

நானும் ஆமாம் போட்டேன். எனக்கும் அந்த நாட்களில் உலகத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. எரிச்சலில் இருப்பவனுக்கு எவன் எதைத் திட்டினாலும் நியாயமாகத்தான் படும். மாமாவைப் பற்றி என் அக்கா தைலம்மாள் போனில், "தம்பி, அவரு சாப்பாட்டுல கெடக்கற முடியக்கூட பாக்காம தின்றாருடா," என்று சொன்னபோதும், "முதல்ல முடி விழாம சமைக்கப் பாருக்கா," என்று சிரித்துவிட்டு வைத்தேன்.

கடைசியில் வழி காட்டியது ராமாமிர்தம் சாரின் முணுமுணுப்புதான். பென்ஷன் விஷயமாக ஒரு மனு டைப் அடித்துக் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நம்பரிலேயே அடித்தேன்.

"இதுல மட்டும் எழுத்து நல்லாருக்கே. இதுலயே நியூசயும் போட்டுத் தொலையேன்," என்றார்.

கை அப்படியே நின்றது. அதே மிஷின், அதே மானிட்டர். டைப் அடிக்கிற இடத்தில் எழுத்து கத்தரித்து வைத்த மாதிரி இருக்கிறது. பிரவுசரைத் திறந்தால் கூழாகிறது. அப்படியானால் டியூபும் இல்லை, வோல்டேஜும் இல்லை. கோளாறு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. அந்தோணிசாமி குடித்த காபி வீண்.

அன்றைக்குச் செட்டிங்ஸில் உள்ள ஒவ்வொரு அறையாகப் புகுந்து பார்த்தேன். கடைசி அறை, அதில் நீளமாக ஒரு பட்டியல், கிணற்றுக் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. நடுவில், படங்களைப் பற்றிய வரிகளுக்கு இடையில், ஒரு சின்னக் கட்டம். எழுத்தின் ஓரத்தையெல்லாம் வழவழப்பாக்கிக் காட்டு என்று அர்த்தம் வருகிற ஒரு வரி. அதற்கு நேரே டிக். நான் போடாத டிக். புதுசாக வருகிற தட்டை மானிட்டரில் அது அழகாக இருக்குமாம். என்னிடம் இருப்பவை தொப்பை வைத்த பழைய மானிட்டர்கள். அதில் வழவழப்பு கொழகொழப்பாகிவிட்டது. இதை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் என்ன குறைந்துபோகும் இந்த மகராசன்களுக்கு?

டிக்கை எடுத்தேன். பிரவுசரை மூடித் திறந்தேன். எழுத்தெல்லாம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லா மிஷினிலும் டிக்கை எடுத்துவிட்டு மாமாவுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறோம் என்று பஸ்களையெல்லாம் இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். ஒரே கூச்சல். அதனால் மாமா கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்.

"வாங்க மாமா. உக்காருங்க. எல்லாம் ஒரு டிக்கு பண்ண வேலை, எடுத்துட்டேன். உங்க கண்ணுக்கு நான் கேரண்டி," என்று நாற்காலியைத் துடைத்துவிட்டேன். அனுப்பிரியாவின் புது மெயிலை நானே திறந்து வைத்துவிட்டு, மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

பக்கத்தில் ராமாமிர்தம் சார், "பளிச்சுன்னு இருக்குய்யா. இன்னைக்குத்தான் கண்ணு தெறந்தாப்ல இருக்கு," என்றார்.

மாமா பார்த்தார். கண்ணாடியைப் போட்டார். கழற்றித் தோள் துண்டில் துடைத்து மறுபடி போட்டார். கிட்டத்தில் போனார், எட்ட வந்தார்.

"இன்னும் சரியாகலியே மச்சான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னா மாமா வெளையாடறீங்களா? இத்தினி நாளா உசுரக் குடுத்து சரி பண்ணியிருக்கேன்."

"எனக்குத் தெரியறதத்தானடா சொல்ல முடியும். நாலாம் நம்பர்ல எடுக்க மறந்திருப்ப."

குனிந்து பார்த்தேன். நாலாம் நம்பரில் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, மணி மணியாக இருந்தது. அன்புள்ள அப்பாவுக்கு என்று தொடங்கியிருந்தாள். எழுத்தை இரண்டு மடங்கு பெரிசாக்கினேன். முதல் வார்த்தையைப் படித்தார். இரண்டாவதைப் படிக்கவில்லை, ஊகித்துச் சொன்னார். அது தப்பு.

அவர் இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். கையைக் கீழே இறக்கினார். என் பக்கம் திரும்பவில்லை. புது போர்டு, பேப்பர் மை, பனி, சாப்பாட்டில் முடி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன.

வாசலில் கண்டக்டர் ஆண்டியின் குரல் கேட்டது. "அண்ணே, டயமாயிடுச்சு. வண்டி ஃபுல்லு."

மாமா எழுந்தார். கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். "கிட்டப் பார்வதான்டா கொஞ்சம் மட்டு. வயசானா வெள்ளெழுத்து எல்லாருக்கும் வர்றதுதானே. ரோடு எனக்குக் கண்ணாடியாத் தெரியுது," என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் குரலில் அவ்வளவு தைரியம் இருந்தது. நம்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் மறித்தேன். வண்டி நிறைய ஜனம். ஜன்னலோரத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம். அதோ எதிர்ல நிக்குதே அந்த பஸ்ஸு. போர்டுல என்னா ஊரு?"

அவர் பார்க்கக்கூட இல்லை. பார்த்த மாதிரி தலையைத் திருப்பினார், அவ்வளவுதான்.

"புவனகிரி. நான் என்னா பச்சப் புள்ளயா?"

வழக்கமாக அந்த இடத்தில் நிற்பது புவனகிரி பஸ்தான். முப்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறது. அன்றைக்குப் பள்ளம் தோண்டியதால் பண்ருட்டி பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் பண்ருட்டி என்று போட்டிருந்தது. கூரை மேல் முந்திரி மூட்டை வேறு.

ஆண்டிதான் விவரம் தெரியாமல் சிரித்தான்.

"அண்ணே, எங்க பாக்கறீங்க? அது பண்ருட்டிண்ணே."

மாமா மறுபடியும் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தார். கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, ரொம்ப நேரம் பார்த்தார். அப்படியானால் இத்தனை நாள் அவர் பஸ்ஸைக் கண்ணால் ஓட்டவில்லை. பழக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய், பழக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஆடு வருகிற வளைவில் ஆடு வந்திருக்கிறது. வராத இடத்தில் ஒன்று வந்திருந்தால்?

வண்டிக்குள்ளிருந்து ஒருவர், "டிரைவரே, கெளம்பலாமா?" என்றார்.

மாமா டிரைவர் சீட்டுக் கதவின் கம்பியைப் பிடித்திருந்தார். ஏறவும் இல்லை, விடவும் இல்லை. குழந்தை ஜன்னலில் இருந்து பிஸ்கட்டை அவர் பக்கம் நீட்டியது. அது தெரிந்ததோ இல்லையோ, கம்பியை விட்டார்.

"ஆண்டி, ஆபீசுக்குப் போன் போடு. மாத்து டிரைவர் யாரு இருக்கான்னு கேளு."

"ஏண்ணே, ஒடம்பு சரியில்லியா?"

"ஆமா."

மாற்று டிரைவர் வந்து சேர்வதற்குள் வண்டியில் இருந்த ஜனம் எங்களைப் பிடித்து ஏசித் தீர்த்தது. ராமாமிர்தம் சாரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டேன். மாமாவோடு நானும் கடலூர் வருகிறேன், காலையில் கண் டாக்டரிடம் போக வேண்டும், சக்கரை மாத்திரைச் சீட்டையெல்லாம் எடுத்து வை என்றேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அழத்தான் செய்தாள்.

பஸ்ஸில் மாமாவை ஜன்னலோரம் உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்தில் அந்த வண்டியில் அவர் டிக்கெட் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாற்று டிரைவர் இளவட்டம், விரட்டிக்கொண்டு போனான். வெள்ளாற்றுப் பாலத்துக் குழி வருவதற்கு முன்னாலேயே மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் போடுகிறார். அந்தப் பையன் போடவில்லை. வண்டி தூக்கிப் போட்டது.

"டாக்டரு கண்ணாடி குடுத்தா சரியாயிடும் மாமா," என்றேன். "இல்லன்னா ஆபரேஷன். இப்பல்லாம் சாதாரணம்."

புதுச்சத்திரம் வளைவில் மறுபடியும் கால் அழுத்தியது. ஆடு ஒன்றும் வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"அந்த டிக்க மறுபடியும் போட்டுடேன்."

போடுகிறேன் மாமா என்று சொன்னேன்.